இட்லித் துணியும் இரண்டு திமிங்கலங்களும்

டூர் கும்பலுக்குச் சமைத்துப் போடப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம். வேன் லேட்டானாலும் சரி, ரூமில் வெந்நீர் வராவிட்டாலும் சரி, சமையல்காரியிடம்தான் வந்து கேட்பார்கள். புனேயில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு கொங்கண் கடற்கரைக்குப் போகிற ஒருவரிடம் எனக்கு வேலை. என் இரண்டு வயது மகளை முதன்முதலாக அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போன ட்ரிப் இது. புனே பக்கம் தேஹு ரோட்டில் வேன் ஏறும்போது, "நாளைக்கு ராத்திரி அம்மாதான் சோறு ஊட்டுவேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

புளியோதரை

மறுநாள் காலையில் கடற்கரை ஊரான மால்வணில் படகேறி டால்பின் பார்ப்பது, மத்தியானம் வேனில் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. டால்பின் வரவில்லை. படகிலேயே சாப்பாடு போட்டேன். திரும்பும்போது காற்று கிளம்பிவிட்டது. படகு மேலே எழும்பி, தொம்மென்று கீழே விழும். வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும்.

புனேயின் ஔந்திலிருந்து வந்த பாங்க் சார், ரிட்டயர் ஆனவர், மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். தலையை வெளியே நீட்டியவருக்கு முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "புளியோதரையைக் குறை சொல்ல முடியாதும்மா. உள்ள போகும்போதும் ருசி, வெளிய வரும்போதும் ருசி."

முடிச்சு

அலை இன்னும் பெரிதானதும் டீச்சரம்மா என் பக்கம் நகர்ந்து வந்தார். அவரும் புனேதான், லோஹேகாவ்காரர், பிள்ளைகளை மிரட்டிப் பழகிய குரல். "மஞ்சத்துணி இருக்கா? காசு முடிஞ்சு வேண்டிக்கணும்" என்றார்.

மஞ்சள் துணிக்கு நடுக்கடலில் எங்கே போக? புளியோதரை வாளியை மூடிக் கட்டியிருந்த இட்லித் துணி இருந்தது. கையில் வெட்டுப்பட்டால் வைக்க என் பையில் மஞ்சள்தூளும் இருந்தது. துணியைக் கிழித்து, கடல்தண்ணீரில் மஞ்சளைக் குழைத்துத் தடவி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். காசுதான் யாரிடமும் இல்லை. எல்லாரும் போனைக் காட்டி வாங்குகிறவர்கள். படகோட்டியிடம் சில்லறை கேட்டதற்கு, அவர் படகில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையைக் காட்டினார்.

கடைசியில் ஊருக்கு வாங்கி வைத்திருந்த முந்திரிப்பருப்பை ஆளுக்கொன்றாக முடிந்தார்கள். "சாமி ஒத்துக்குமா?" என்றேன். டீச்சரம்மா பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "கிலோ என்ன விலைன்னு அதுக்குத் தெரியாதா?"

விருந்தாளிகள்

அப்போதுதான் பக்கத்தில் கடல் கறுத்தது. எங்கள் படகைவிட நீளமான முதுகு ஒன்று எழும்பி, புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஒரு வாரம் கழுவாத மீன்கூடை நாற்றம். பின்னாலேயே இன்னொன்று. படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கையைக் காட்டினார். பாங்க் சார் உட்கார்ந்தபடியே அவரிடம் ஹிந்தியில், "டால்பினுக்குத்தானே பணம் கட்டினோம்?" என்று கேட்டார்.

இன்றைக்கு ராத்திரி என் மகளுக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. மிச்சமிருந்த துணித்துண்டை எடுத்தேன். முந்திரி தீர்ந்திருந்தது, பயத்தில் பாங்க் சார் தின்றிருந்தார். பையைத் துழாவினேன், மகளின் தலைக் கிளிப் ஒன்று அகப்பட்டது. அதை வைத்து முடியப் போனேன். டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, திமிங்கலத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "முடிஞ்சுட்டா அது கோயிலுக்குத்தான் போய்ச் சேரணும். நாளைக்குப் பிள்ளை கேட்டா என்ன சொல்லுவ? உள்ள வை."

உள்ளே வைத்தேன். அந்த இரண்டும் படகுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழும்பி, தங்கள் வழியில் போய்விட்டன.

வீடு

சொன்னபடி ராத்திரி சோற்றுக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் பருப்புச்சோறு. மகள் பீரோவுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். அவளை இழுத்து மடியில் போட்டு ஊட்டிக்கொண்டே அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கடலில் நாம் பட்ட பாட்டுக்கு வீட்டில் அனுதாபம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

"பக்கத்துலயே வந்துதா?"

"கை நீட்டினா தொடலாம்ங்க."

"அப்புறம் அதுவாப் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவர் சட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"செல்வி, அடுத்த ட்ரிப்புக்கு என்னைப் படகுல அனுப்பிடு. நீ இவளைப் பாத்துக்க."