கிளட்ச் இல்லாத வேனும் இரண்டு வாழைமரங்களும்

போர் முடிந்தபின், அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பழைய வேன் ஒன்று எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் கிளட்ச் கிடையாது. வேகத்துக்கேற்பக் கியர் தானே மாறும்; முன்னே, பின்னே, முதல் கியர் மட்டும் என்று தேர்ந்துகொள்ள ஒரு கைப்பிடி உண்டு, அவ்வளவே. மயிலாப்பூரில் இதை நம்பியவர் சிலரே. பௌதிகத்தில் பட்டம் பெற்றவனாதலால் அதன் இயக்கத்தை நான் முறையாகக் கற்றிருந்தேன். என் தங்கையின் கலியாணத்தின்போது, தியாகராய நகரில் தங்கியிருந்த மாப்பிள்ளையை அதிலேயே அழைத்துவருவதாகச் சம்பந்திகளிடம் வாக்களித்தேன். விளக்கு வைப்பதற்குள் அவர் மாடவீதியிலுள்ள எங்கள் வீடு சேரவேண்டும்.

அன்று மாலை அவர்கள் ஜாகைக்குப் போய், நான் உள்ளே உபசாரத்தில் இருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன், "வெறும் வண்டியிலா எங்காத்துப் பிள்ளை வருவான்?" என்று, பந்தல் வாசலைப்போல வேனின் முகப்பில் இரண்டு வாழைமரங்களைத் தம் கையாலேயே கட்டிவிட்டார்.

புறப்பட்டதும் எஞ்சின் அலறியது; வேனோ நடைவேகத்தைத் தாண்டவில்லை. சைக்கிள்கள் எங்களை முந்தின.

"இன்னா சார், ஃபர்ஸ்ட் கியர்லயே நிக்கிது. மேல ஏற மாட்டேங்குது" என்றார் டிரைவர்.

"என்ன ஓய், உம்ம பௌதிகம் பல்லக்கைவிட மெதுவாப் போறதே! ஜட்காவைக் கூப்பிடட்டுமா?" என்றார் தாய்மாமன்.

தங்கையின் கலியாணம் என் வாக்குப் பொய்த்தா தொடங்கவேண்டும்? வேனை நிழலில் நிறுத்தச்செய்து, பதறாமல் ஆராய்ந்தேன். கியர் எண்ணெயை எஞ்சின் ஓடும்போதே பார்க்கவேண்டும். அளவு சரி, நிறம் தெளிவு, கருகிய வாடை இல்லை. ஆகவே உள்ளே பழுதில்லை. காலையில் நன்றாக ஓடிய வண்டி. அதன்பின் அதில் புதிதாக வந்தவை வாழைமரங்கள் மட்டுமே.

பானெட்டைத் திறந்தேன். வாழைமரக் கயிறு உள்ளே நுழைந்து, கியர் கைப்பிடியிலிருந்து கீழிறங்கும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. பழைய வண்டியாதலால் இணைப்புகளில் ஆட்டம் மிகுதி. மேலே கைப்பிடி சரியான இடத்தில் நிற்க, கீழே கம்பி முதல் கியருக்கு இழுபட்டிருந்தது.

முடிச்சு யாருடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெண் வீட்டார் சம்பந்தி வீட்டாரைக் குறைசொல்வது முறையன்று. "கயிறு சற்று இறுகிவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கிவந்து எட்டிப்பார்த்தார். "மாமா! வண்டி ஓடிப்போயிடும்னு மாட்டைக் கட்டறாப்பல கட்டியிருக்கேளே!"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையோடு வந்த பின்னிருக்கைப் பெண்கள் பொத்திக்கொள்ளவில்லை. தாய்மாமன் ஒரு கணம் விறைத்தார். பிறகு அவரே குலுங்கிச் சிரித்தார். "அவிழும் ஓய், சீக்கிரம் அவிழும்! நடுத்தெருவில என் மானம் போறது!"

கயிற்றை அவிழ்த்து முகப்பிலேயே வேறிடத்தில் கட்டினேன். வேன் புறப்பட்டது, கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற, எஞ்சினின் அலறல் அடங்கியது. லஸ் முனையில் தாய்மாமன், "இன்னும் கொஞ்சம் விரட்டச் சொல்லும்" என்று என்னையே அவசரப்படுத்தினார்.

மாடவீதியில் விளக்கேற்றுமுன் சேர்ந்தோம். நாதஸ்வரம் முழங்க, மாப்பிள்ளை இன்னும் சிரிப்பை அடக்க மாட்டாமலே இறங்கினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த என் தங்கையும், காரணம் அறியாமலே சிரித்தாள்.