யசோதினியின் பீட்ரூட் தூள்

யசோதினி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஓர் அறையில் அவரும் மாமனார் இராசையாவும்தான். அந்த அறையில் உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். அதை விட்டுப் பசறை டவுனில் ஓர் அறை எடுத்துக் குடியேற வேண்டும். அதற்கு அவர் நம்பியது பீட்ரூட் தூளை.

பதுளையில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் ரிஷி, அல்வாவுக்கு இயற்கை நிறம் கேட்டிருந்தார். யசோதினி வேலைக்குப் போகாமல் இருந்து, வெலிமடையிலிருந்து வரும் பீட்ரூட் கிழங்கை மெல்லியதாகச் சீவி, தணலுக்கு மேல் தட்டில் பரப்பி, வளைத்தால் ஒடியும்வரை உலர்த்தினார். அரைத்த தூள் நல்ல கருஞ்சிவப்பு. ஈரம் படாதவரை அந்த நிறம் மாதக்கணக்கில் நிற்கும். உடனே போத்தலில் அடைத்தார்.

“சாமிக்கு வைக்காமலா கடைக்கு அனுப்புற?” என்றார் இராசையா.

“போத்தலோட வைக்கிறேன் மாமா.”

“மூடி வச்சா சாமி எப்புடிம்மா பார்க்கும்? அது என்ன மூக்குக்கண்ணாடியா போட்டிருக்கு?”

முதலில் செய்த எதையும் இரவு முழுவதும் திறந்து படைப்பது அந்த லயத்து வழக்கம். யசோதினி ஒரு தட்டில் கொஞ்சம் கொட்டி விளக்கின் முன் வைத்தார். கூரை இடுக்கு வழியாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் தூள் சற்றுக் கட்டியிருந்தது, நிறம் மாறவில்லை. சாமிக்குப் படைத்ததை வீசக் கூடாது என்று, விரலால் உதிர்த்துப் போத்தலிலேயே சேர்த்துவிட்டார். அதுதான் தவறு. தட்டுத் தூள் குடித்த ஈரம் போத்தல் முழுவதும் பரவி, மூடிக்குள் இருந்தபடியே நிறத்தைத் தின்றது.

போத்தல் பதுளைக்குப் போன சில வாரங்களில் ரிஷி அவரைக் கடைக்கு அழைத்தார். போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார், ஒன்றும் விழவில்லை. உள்ளே பழுப்பாய் ஒரு கட்டி.

“செங்கல் சூளையா வச்சிருக்கீங்கக்கா?”

யசோதினி நடந்ததைச் சொன்னார். “இனி மூடியவே திறக்க மாட்டேங்க.”

“அரைக்கிறப்பவே அந்த அறையில பனி வருமே! பசறையில ஈரமில்லாத ஒரு ரூம் எடுத்துச் செஞ்சு தாங்க. கண்டிப்பா வாங்குறேன்.”

“நீங்க வாங்கினாத்தாங்க ரூமே எடுக்க முடியும்.”

ரிஷி அல்வா கேட்டு நின்றவரின் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை, தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி லிங்கம் பெயர் பதிந்துகொண்டிருந்தார்.

“அடேங்கப்பா, முதலாளியம்மா! கொழுந்து எடுக்கவா, மலையப் பார்வையிடவா?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. யசோதினி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

“எடுக்கத்தாங்க. பேரப் போடுங்க.”