ஷவரில் பாஸான படகு

பிள்ளைகளே, வல்லம் வடகாலில் எங்கள் ஃபைபர் ஷெட்டில் பஸ்ஸுக்கு முன்பக்கமும் கூரையும் செய்வோம். ஒரு வருடம், கடற்கரையில் விடுதி நடத்துகிறவர் ஒருவருக்குப் பாய்மரப் படகு செய்தோம். பார்வைக்குப் புதுக் கார் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நீளநீளமான கண்ணாடி ஜன்னல். அதுவும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம்தான் மேலே.

தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பஸ் கூரையை எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தேன். பஸ்ஸை நனைத்துப் பார்க்கிற ஷவருக்கு அடியில் தள்ளி, அரை மணி நேரம் மேலிருந்து தண்ணீர் விட்டேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எங்களோடு வேலை செய்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, இது கடலுக்குப் போவுதா, குளிக்கப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று பாயைத் தள்ளினால் படகு ஒருபக்கம் சாயும், ஜன்னல் தண்ணீருக்குள் போகும் என்றார் அவர். அதற்குப் பிறகு அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம். சூப்பர்வைசரை நச்சரித்து, படகை வடக்குப்பட்டு ஏரிக்குக் கொண்டுபோக வைத்தேன். பாய்மரத்தின் உச்சியில் கயிறு கட்டி, கரையிலிருந்து நாலு பேர் இழுத்தோம். படகு சாய்ந்து, ஒரு பக்கத்து ஜன்னல் தண்ணீருக்குள் போனது. ரப்பர் ஓரமாக உள்ளே தண்ணீர் இறங்கியது.

"கடல்ல எவன்யா கயிறு கட்டி இஸ்துகினு இருக்கப் போறான்? கையெழுத்தப் போடு" என்றார் சூப்பர்வைசர். ஜன்னலைச் சிறிதாக்கலாம் என்றேன்; அழகு போய்விடுமாம், வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டாராம்.

"ஆளு உக்கார்ற எடம் சார் அது. நான் போட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் நான் வருவதற்குள் படகு லாரி ஏறிப் போய்விட்டது. யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டேன். ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே விடுதியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அந்த ஜன்னல் அளவுக்கே இரண்டு ஃபைபர் பலகை, கண்ணாடி இல்லாமல். எதற்கு என்று தாளில் எழுதவில்லை. தண்ணீர் வந்துவிட்டதா, அப்போது உள்ளே யாராவது இருந்தார்களா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்குய்யா அதெல்லாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வரைபடத்தில் பலகைக்கு மூன்று அடுக்கு ஃபைபர் என்று போட்டிருந்தது. நான் ஐந்து அடுக்கு வைத்தேன்.