கிணற்றுக்குள் போன பெட்ரோல்

போன வாரம் ஆறுமுகநேரியிலிருந்து அக்கா ரெஜினா போன் பண்ணினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா... பிடிபடவில்லை.

"ஏலே, ரிசல்ட் வந்துட்டு. அது அங்கனயே அழியுதாம்லே!"

எது அழிகிறது? சொல்கிறேன்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் மூடிப்போன பெட்ரோல் பங்க் ஒன்று உண்டு. மண்ணுக்குள் கிடந்த டேங்க் துருப்பிடித்துக் கசிந்திருக்கிறது. ஒருநாள் கிணற்றிலிருந்து இறைத்த வாளியில் பெட்ரோல் வாடை! அப்புறம் டேங்கைத் தோண்டி எடுத்தார்கள். கிணற்றை மூடினார்கள். அக்கா குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றாள்.

அடுத்தடுத்த டெஸ்ட்டுகளில் பெட்ரோல் அளவு குறைந்துகொண்டே வந்தது. சந்தோஷம்தானே? அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு சுடலைமுத்து அண்ணாச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஏளா ரெஜினா, உங் கெணத்துல கொறையுதுன்னா அது எங் கெணத்துக்குல்லா வருது? எம் மவ பிரசவத்துக்கு வந்திருக்கா. நான் என்ன செய்ய?"

அண்ணாச்சி வீட்டில் கேன் தண்ணீர் இறங்கியது. அக்கா வீட்டைப் பார்த்த ஜன்னலை அவர் சாத்தியது சாத்தியதுதான். நேரெதிரே பார்த்தாலும் பேச்சில்லை.

நிலத்தடி நீரை ஆராயும் மலர்விழி என்ற பேராசிரியை ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் இரண்டு கிணறுகளிலும், நடுவில் மண்ணுக்குள் இறக்கிய குழாய்களிலும் தண்ணீர் எடுத்துப் போனார்.

"அளவு குறையறதை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது சார். மழைத்தண்ணி கலந்திருக்கலாம்... நகர்ந்தும் போயிருக்கலாம்" என்றார்.

பின்னே எப்படித் தெரியும்?

பெட்ரோலில் உள்ள கார்பனில் லேசானது, கனமானது என்று இரண்டு ரகம் உண்டாம். ஐசோடோப் என்கிறார்கள். மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் பெட்ரோலைத் தின்னும்போது லேசானது சீக்கிரம் உடையும். மிச்சத்தில் கனமானதன் பங்கு கூடும். வெறும் மழைத்தண்ணீர் கலந்தாலோ, பெட்ரோல் இடம் மாறினாலோ அந்த விகிதம் மாறாது.

ரிசல்ட்? அண்ணாச்சி வீட்டை நோக்கிப் போகப் போக, மிச்சமிருந்த பெட்ரோலில் கனமான கார்பனின் பங்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதாவது வழியிலேயே தின்று தீர்க்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தப் புண்ணியவான்கள். அண்ணாச்சி கிணற்றில் பெட்ரோல் துளியும் இல்லை.

அக்கா ஓடிப்போய் மதிலோரம் நின்று சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். அப்புறம் துண்டை விலக்கிக்கொண்டு கூப்பிட்டாராம்.

"உள்ள வாளா... ஏன் அங்கனயே நிக்க?"

அக்கா கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க இன்னும் அனுமதி இல்லை. டெஸ்ட் தொடரும். ஆனால் இப்போது அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

எனக்குத்தான் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எது குறைந்தது என்று கேள்விப்பட்டாலும், 'அழிந்ததா, இடம் மாறியதா?' என்று கேட்கத் தோன்றுகிறது.

நேற்று என் மனைவி, "உங்க மேல இருந்த கோவம் கொறஞ்சிட்டு" என்றாள்... வாயைத் திறக்கவில்லையே நான்!