மாமா கடைசியாகத் தோற்றது

என் பெரிய மாமாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் சொன்னால் தெரியாது. முகத்தைக் காட்டினால், "அட, இவரா" என்பீர்கள். சீரியல்களில் மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிற கனத்த உடம்புக்கார அப்பா அவர்தான். அதற்கு முன்னால் சினிமாவில் அடியாள். அதற்கும் முன்னால், மலேசியாவில் டிக்கெட் போட்டு நடத்துகிற மேடைகளில், ஒக்கூர் என்று ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டு சண்டை போட்ட குஸ்திக்காரர். என் அம்மாவின் ஒரே அண்ணன்.

எனக்கு அப்போது பத்து வயது. என் மாமாவை அடிக்க உலகத்தில் ஆள் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் படம் பார்த்தவர்களுக்குத்தான். எந்தப் படமானாலும் மாமா கர்ஜித்துக்கொண்டு வருவார். ஒல்லியான கதாநாயகன் ஒருவன் அவரைத் தூக்கித் தக்காளி வண்டிமேல் எறிவான். மறுநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நஸ்ரின், பென்சிலைச் சீவிக்கொண்டே, "நேத்தும் ஒங்க மாமா அடி வாங்குனாக" என்பாள். கேலிகூட இல்லை, தகவல் மாதிரி.

அதனால், பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு, மாமா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் வகுப்பில் அறிவித்துவிட்டேன். இந்தத் தடவை ஜெயிக்கப்போவது மாமா. வேண்டுமானால் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை எங்கள் செக்காலையிலிருந்து ஒரே ஆட்டோவில் அப்பா, நான், நஸ்ரின், வகுப்பில் இன்னும் மூன்று பேர். அந்த வீட்டு முற்றத்தில் விளக்குகளும் வயர்களுமாக இருந்தது. மாமா நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நேரே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, இன்னைக்கு நீங்க ஜெயிச்சுருங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாக நின்ற நாலு பேரையும் பார்த்தார். நிலைமை புரிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு டைரக்டரிடம் போய், குனிந்து என்னவோ கேட்டார். அந்த மனிதர் சிரித்து மாமாவின் வயிற்றில் தட்டினார். மாமா திரும்பி வந்து, "கதையில அப்பிடி இல்லையாம் ஆத்தா" என்றார்.

"அப்ப நெசமாவே அடிச்சுருங்க. பெறகு கதைய மாத்திக்கிருவாக."

"மாத்த மாட்டாக ஆத்தா" என்று சொல்லிவிட்டு, சட்டையைச் சரி செய்துகொண்டு போனார். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்று எனக்குக் கோபம்.

கதாநாயகன் புதுப் பையன். முதல் படம். வெயில் ஏறும் முன்பே அவனுக்கு வியர்த்துவிட்டது. அவன் மாமாவை இடுப்பில் பிடித்துத் தூக்கி, முற்றத்து நடுவில் விரித்த மெத்தையில் எறிய வேண்டும். ஒத்திகையில் நாலு தடவை செய்தார்கள். மாமாதான் அவன் காதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, தானே எம்பித் தானே விழுந்தார். ஐந்தாவது தடவை கேமரா ஓடியது. பையன் தூக்கினான். இருவரும் சாய்ந்தார்கள். பெரிய சத்தத்தோடு மாமா கீழே விழுந்தார். மெத்தையில் இல்லை, முற்றத்தைச் சுற்றியிருந்த கருங்கல் விளிம்பில்.

அந்தக் காட்சி இப்போது என் கைப்பேசியில் கிடைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிகிறது: பையனின் கால் வழுக்குகிறது. அவன் மல்லாக்க விழுகிறான், மேலே மாமா. அப்படியே விழுந்திருந்தால் அந்த உடம்பின் மொத்தக் கனமும் அவன் நெஞ்சில். மாமா அந்தரத்திலேயே ஒரு புரளல் புரண்டு, ஒரு கையை அவன் பின்மண்டைக்குக் கொடுத்து, அவனை மெத்தைப் பக்கம் தள்ளிவிட்டுத் தான் கல்லில் விழுகிறார். வலது தோள் முதலில்.

அன்று எனக்குத் தெரிந்தது, ஒல்லிப் பையன் எழுந்து நின்றதும் மாமா படுத்துக்கிடந்ததும்தான். டைரக்டர் "ஓகே" என்றார். எல்லோரும் பையனுக்குக் கை தட்டினார்கள். பையன் மட்டும் தட்டுகிறவர்களைப் பார்க்காமல் மாமாவின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். நஸ்ரின் என்னைப் பார்க்காமல், "ஆட்டோ எங்குட்டு நிக்கிது?" என்று கேட்டாள். அவள் அப்படி இரக்கப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அம்மா வைத்த சோற்றை அவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார்.

"கைக்கு என்ன ஆச்சுண்ணே?"

"சுளுக்கு."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "எல்லாரு முன்னாடியும் தோத்துட்டீக. எனக்கு அசிங்கமாப் போச்சு. இனிமே சண்டைக்கே போகாதீக" என்றேன்.

அப்பா என்னை அதட்டினார். மாமா கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, "சரி ஆத்தா, போகல" என்றார். அம்மா மோர் எடுக்கப் போகிறவள் மாதிரி அடுக்களைக்குள் போனாள். மோர் வரவேயில்லை. நான் எட்டிப் பார்த்தபோது, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் தோற்றதில் அவளுக்கும் அவமானம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவர் அடி வாங்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் சீரியலில் சால்வை போர்த்திய அப்பாவாக வந்துவிட்டார். வலது கை எப்போதும் சால்வைக்குள்ளேயே இருந்தது. நான் ஒருத்தி கண்டித்துச் சொன்னதால்தான் மாமா திருந்தினார் என்று ஏழாம் வகுப்பு முடிகிறவரை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.