மாமி நின்ற லைன்

இடுப்பில் மஞ்சள் கேனை இடுக்கிக்கொண்டு மாமி பெற்றோல் செட்டுக்குள் நுழைந்த அந்தக் காலை, மண்ணெண்ணெய் வாடையோடும் கடல் காற்றோடும் இன்றும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதே இடத்தைக் கடக்கும்போது எண்ணெய் தாராளம். ஊழியர் கதிரையில் சாய்ந்து ஃபோன் பார்க்கிறார். வெறும் சீமெந்துத் தரை. ஆனால் எனக்கு அங்கே ஆட்கள் தெரிகிறார்கள்.

நாட்டில் எல்லாமே தீர்ந்துபோயிருந்த வருஷம் அது. தீராமல் கிடந்தது ஒரு சொல்: லைன். கரண்ட் போனால் லைன் இல்லை. சவூதியிலிருக்கும் மகனின் குரல் வராவிட்டாலும் லைன் இல்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடும் பஸ்ஸுக்கு அது ஒரு லைன். பக்கத்து வீட்டுப் பொடியன் வேலியோரம் தலைசீவிக்கொண்டு நிற்பதும் லைன்தான். தறியை விட்டுவிட்டு ஃபோன் கடை போட்டவன் லைனை மாற்றிவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற நான் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, இதுதான் லைன் என்றேன். முன்வரிசைப் பிள்ளை எழும்பிச் சொன்னாள்: “அது இல்ல சேர். எங்கட உம்மா விடியச் சாமத்துல இருந்து நிக்கிறாவே, அதுதான் லைன்.” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஓர் அர்த்தம் மற்ற எல்லா அர்த்தங்களையும் விழுங்கிவிட்டிருந்தது.

மாமி என் தாய்மாமாவின் மனைவி. மாமா கால் முறிந்து கட்டிலோடு ஆன பிறகு, சாய்ந்தமருதுக் கரையில் நின்ற அவர்களுடைய ஒரேயொரு எஞ்சின் போட்டை, அந்த மீன்பிடிப் படகை, பார்த்துக்கொண்டது மாமிதான். மண்ணெண்ணெய் இல்லாமல் அது மணலில் காய்ந்தது. கீரி மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது என்று கரைவலைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்களோ முதல் நாள் வந்து மாமியின் வாசலில் நின்றார்கள். “நாளைக்கும் எண்ணெய் இல்லாட்டி நாங்க வேற போட்டுக்குப் போறம் ராத்தா. குறை நினைக்காதீங்க. எங்களுக்கும் புள்ளைகள் இருக்கு.” ஆள் போனால் போட் போனது மாதிரி. ஊருக்கே ராத்தாவான, அக்காவான மாமி குறை நினைக்கவில்லை. விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

செட்டில் ஆட்களைவிடக் கேன்கள் அதிகம். கைப்பிடிகளுக்குள் நைலோன் கயிறு கோத்து, ரோட்டு வரைக்கும் நீண்டு கிடந்தன. பல போட்டுக்குச் சொந்தக்காரரான மீன் முதலாளி ஒருவர் இரவே அனுப்பிவைத்த கேன்கள் அவை. காவலுக்கு ஒரேயொரு ஆள். ஓரமாக நின்ற சனம் முணுமுணுத்ததே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருடைய மீனையும் தானே விலை சொல்லி வாங்குகிறவர் அந்த முதலாளிதான்.

எண்ணெய் ஏற்றிய பவுசர் உள்ளே திரும்பியது.

“இதெல்லாம் யார்ர கேன்?” என்றார் மாமி.

“எங்கட ஆக்கள்ட லைன் ராத்தா. நீங்க கடைசிக்குப் போங்க,” என்றான் காவலுக்கு நின்றவன்.

“ஆக்கள் எங்க?”

“ஊட்ட. வருவாங்க.”

மாமி கேனைத் தரையில் வைத்தார். “அப்ப செருப்பப் பள்ளி வாசல்ல கழட்டி வச்சிட்டு ஊட்ட போய்ப் படுத்தா தொழுகை கூடிருமா தம்பி?”

முதலில் யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். அப்புறம் ரோடு முழுக்கச் சிரிப்பு.

நோன்பு மாத இரவுகளில் பெண்கள் தொழும் இடத்தில் ஸஃப்பை, தொழுகை வரிசையை, நேராக்குவது மாமியின் வேலை. அங்கே யாருக்கும் இடம் பிடித்து வைக்க முடியாது. முன்னால் ஓர் இடைவெளி விழுந்தால் பின்னால் நிற்பவள் எட்டு வைத்து நிரப்பிவிட வேண்டும். டொக்டர் பெண்சாதியும் கடலை விற்கிறவளும் வந்த வரிசைப்படிதான். அதே குரல் இப்போது வெயிலுக்குள் எழும்பியது.

“ஸஃப்பை நேராக்குங்க! ஆளில்லாத இடத்த நிரப்புங்க! முன்னுக்கு வாங்க புள்ள, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

காவல்காரன் குரலை இறக்கினான். “பொறகு மீன எங்க கொண்டு விப்பீங்க ராத்தா?”

“முதல்ல மீன் வரட்டும். கரைக்கு வந்த மீன் வாங்க ஆள் இல்லாமக் கிடந்த சரித்திரம் இருக்கா?”

ஒரு கிழவர் கயிற்றைத் தாண்டி முதல் எட்டு வைத்தார். அவர் பின்னால் ஒரு பெண். பிறகு எல்லாரும். யாரும் தள்ளவில்லை, ஏசவில்லை. யார் முதலில் வந்தார் என்று தங்களுக்குள் கேட்டுக்கேட்டு, அந்த ஒழுங்கில் நின்றார்கள். ஐந்து நேரமும் தொழுது பழகிய கால்கள் அல்லவா? வருஷக்கணக்காக உடம்புக்குள் இருந்த ஒன்று, கூப்பிட்டதும் எழும்பி வந்துவிட்டது. செட் ஊழியர் பார்த்தார், குழாயை எடுத்தார். “ஆள் நிண்டாத்தான் எண்ணெய் அடிப்பன். கேனுக்கு மட்டும் அடிக்க மாட்டன்.” ஓம், அதுதான் சரி என்று சனம் ஒரே வாயாகச் சொன்னது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கரையில் நின்றேன். முதலில் மாமியின் போட் உறுமியது. அடுத்தது, அதற்கடுத்தது. காலையில் அந்த லைனில் நின்ற முகங்கள் எல்லாம் அலைக்கு மேல் ஏறி இறங்கிப் போயின. கடல் எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் திறந்து கதைத்தது போலிருந்தது.

மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போட்டுகள் திரும்பியபோது வலைகள் வெள்ளியாய்ப் பாரித்துக் கிடந்தன. சைக்கிள் வியாபாரிகள், மோட்டார் சைக்கிள் வியாபாரிகள், எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்த வெளியூர் லொறிகள். எல்லாருக்கும் பிந்தி முதலாளியின் லொறி வந்தது. அவரே இறங்கி, மணலில் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

அன்று விலையைச் சொன்னது மாமி. முதலாளி பேரம் பேசவில்லை.