அளவு டேப்பும் அடிவயிற்றுக் கலக்கமும்

வீட்டில் அடுக்களை மேடை, அலமாரி, கட்டில் எல்லாம் எங்கே எப்படி வர வேண்டும் என்று வரைந்து, ஆள் வைத்துச் செய்து கொடுப்பது என் தொழில். அதில் பாதி அளவெடுப்பது, மீதிப் பாதி எடுத்த அளவு சரிதானா என்று பயப்படுவது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஏழெட்டு வருஷம் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டு, கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து தனியாகத் தொடங்கினேன். கம்ப்யூட்டரில் எல்லாச் சுவரும் நேராக இருக்கும். இங்கே வந்த பிறகுதான் எந்த வீட்டிலும் எந்தச் சுவரும் நேராக இல்லை என்று தெரிந்தது. பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, கதவு வராத அலமாரியைப் பார்த்தபடி நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த நேரம் உங்கள் போனை எடுக்காமல் இருந்தாளே ஒருத்தி, அவளுக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது. நம்புங்கள்.

யாருடைய முழங்கை?

மேலகரத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர், நிலையில் தலை இடிக்கிற உயரம். அவர் மனைவி அவர் தோளுக்குக்கூட வர மாட்டார். மேடையை எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று கேட்டதற்கு, "அடுக்களை விஷயமெல்லாம் அவகிட்ட கேட்டுக்கிடுங்க" என்று அவர் ஒதுங்கிவிட்டார். சமைக்கிறவரின் முழங்கைக்குக் கொஞ்சம் தாழ்வாக மேடை இருந்தால்தான் தோள் வலிக்காது. அந்த அம்மாவை நிற்கவைத்து முழங்கையை அளந்தேன். கூச்சத்தோடு நின்றார்.

கிரானைட் வந்து இறங்கிய அன்று, மேடைக்கான தாங்குகல் எல்லாம் நட்டாகிவிட்டது. மேல்கல்லை வெட்டப் போகிற நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மேடை வரப்போகிற இடத்தில் நின்று, வெங்காயம் நறுக்குவதுபோல் கையை வைத்துப் பார்த்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன சார், ஏதாவது..." என்று இழுத்தேன். அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "பட்டாளத்துல அவரு சமையக்காரருல்லா. வீட்டுலயும் அவருதான் சமைக்காரு. நீங்க அளக்கணும்னு சொன்னீங்க, நானும் நின்னேன்."

கல் வெட்டும் மெஷினை நிறுத்தச் சொல்லி, தாங்குகல்லை எல்லாம் பிடுங்கி, மேடையை அவர் உயரத்துக்குத் தூக்கினோம். ஜன்னலோரம் மட்டும் அந்த அம்மாவின் உயரத்துக்கு ஒரு துண்டு மேடை போட்டுக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதுல டீ மட்டும்தான் போடுவேன், இப்பவே சொல்லிப்புட்டேன்."

சாரலும் அலமாரிக் கதவும்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சீசனுக்கு முன்னால் அறைக்கு அறை புதுக் கட்டிலும் துணி அலமாரியும் போட்டோம். ஈரம் தாங்குகிற பிளைவுட்தான் வாங்கினேன். ஆனாலும் மலையில் மேகம் இறங்கினால் ஊருக்கே சந்தோஷம், எனக்கு மட்டும் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். சாரல் தொடங்கிக் கொஞ்ச நாள்தான், லாட்ஜ் அண்ணாச்சி போன் பண்ணினார். "அலமாரிக் கதவு அடைய மாட்டேங்கு. வாங்க." வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே போனேன். பலகை உப்பிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். எல்லாக் கதவையும் கழற்றிச் செய்ய ஆள் எங்கே கிடைக்கும்? சீசன் நேரத்தில் அறைகளைப் பூட்டிப்போடச் சொன்னால் அண்ணாச்சி என்ன சொல்லுவார்? மாடி அறையில் ஒரு குடும்பம் அருவியில் குளித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. அலமாரியைப் பார்த்தேன். பலகை உப்பவே இல்லை. கதவு ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துண்டு, வேட்டி, பாவாடை என்று அடுக்கிப் போட்டிருந்தார்கள். கனம் தாங்காமல் கீல் தொங்கிப்போயிருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. "சுவரில் கொடிக்கம்பி கட்டித் தருகிறேன் அண்ணாச்சி, துணியை அதில் போடட்டும்" என்றேன். கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்த மதுரைக்காரர் குறுக்கே வந்தார்: "கம்பியும் கட்டுங்க, ஆனா இந்தக் கதவை மட்டும் கழட்டிராதீங்க, வந்ததுல இருந்து என் வேட்டி இதுலதான் காயுது."

சீர்க் கட்டில்

வடகரையில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டில் புதுஜோடிக்கான அறைக்கு அளந்து அலமாரி மாட்டிவிட்டு வந்திருந்தேன். அடுத்த நாளே பெண்ணின் அப்பா தேக்கில் ஒரு கட்டிலைச் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே போட்டால் அலமாரிக் கதவு கால்வாசிதான் திறந்தது. என்னை வரவழைத்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். "அறையைச் சின்னதாக் கட்டிட்டு எம் கட்டிலைக் குத்தம் சொல்லுதீங்களோ?" என்று பெண்ணின் அப்பா ஒரு பக்கம். "அளந்து பாத்துட்டுல்லா செஞ்சிருக்கணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் தலையாட்டினாலும் கல்யாணத்தில் விரிசல் விழுந்துவிடும்போல் இருந்தது. டேப்பை இழுத்து, மடக்கி, மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றிருந்த புதுப்பெண் மெதுவாகச் சொன்னாள்: "கட்டிலை எங்க அப்பா வீட்டுலயே போட்டுருங்க, நாங்க ரெண்டு பேரும் அங்கன போயி இருந்துக்கிடுதோம்."

போனுக்கு ஓர் இடம்

தென்காசியில் ரஹ்மத் என்ற பெண்ணின் வீட்டு அடுக்களை. கணவர் சவூதியில் வேலை பார்த்தார். அங்கிருந்து வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்ல, இங்கே நான் போனைச் சுவர் சுவராகத் திருப்பிக் காட்டுவேன். அவருக்கு ஹாலைப் பார்த்துத் திறந்த அடுக்களை வேண்டும். போனை வைத்ததும் ரஹ்மத், "கதவு வேணும் மேடம், ஆம்பளையாளுக வந்தா நான் எங்கன போய் நிப்பேன்?" என்பார். பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்பார்கள். யாரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கே குழம்பிப்போய், அந்த நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன். கடைசியில், வேண்டும்போது மடக்கித் திறக்கிற கதவு என்று ஒரு வழியாக முடிவானது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ரஹ்மத் இன்னொன்று கேட்டார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், முகத்துக்கு நேராக, போன் வைக்க ஒரு சின்னத் தட்டு. ஆவி பட்டு போன் கெட்டுப்போகும், அடுப்புப் பக்கம் சார்ஜருக்குக் கரண்ட் இழுப்பதும் ஆபத்து என்று பயந்து பயந்து சொல்லிப் பார்த்தேன். "அவுங்க வேலை முடிஞ்சு வருத நேரமும் நான் ராத்திரிக்கு ஆக்குத நேரமும் ஒண்ணு மேடம். என் முகம் மட்டும் பத்தாது, சட்டியும் தெரியணும்பாங்க" என்றார். சட்டி தெரிய வேண்டும், ஆவி படக் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

போன வருஷம் கணவர் சவூதி வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கதவுக் கீலைச் சரிசெய்யப் போனபோது, "இனி இந்தத் தட்டு எதுக்கு? கழட்டிட்டு மசாலா டப்பா வைக்கிற மாதிரி செஞ்சு தரட்டுமா?" என்றேன். ரஹ்மத் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும் மேடம், மவனுக்கு விசா வந்திருக்கு."

எல்லாம் புதுசு, எதுவும் மாறக் கூடாது

இலஞ்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வீட்டு அடுக்களை அலமாரியெல்லாம் கரையான் அரித்துப்போயிற்று, மொத்தமாக மாற்ற வேண்டும். "ஆனா எதுவும் மாறக் கூடாது" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் மனைவி செல்லம்மாளுக்குச் சர்க்கரை வியாதியில் கண் பார்வை போய்விட்டதாம். பார்வை போன பிறகும் சமையலை விடவில்லை. கைப்பழக்கத்திலேயே எல்லாம் நடக்கிறது. "ஒரு டப்பா தள்ளியிருந்தாலும் அவ தடுமாறிருவா. அடுக்களையையும் விட்டுட்டான்னா அவ ஒரேயடியா உக்காந்திருவாம்மா."

அதுவரை அளவெடுத்த எந்த வீட்டிலும் அப்படி அளந்ததில்லை. அடுப்பு, உப்புப் பாத்திரம், கரண்டி மாட்டும் ஆணி என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அளந்து, திரும்பவும் அளந்தேன். தலைக்கு மேலே திறந்து நெற்றியில் இடிக்கிற கதவே கூடாது என்று எல்லாவற்றையும் தள்ளுகதவாக்கினேன். மூலைகளை உருட்டச் சொன்னேன். தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கிற அடுப்பை வாங்கவைத்தேன். ஆனால் பழைய பைப் உடைந்துபோனதால், சிங்க்கை மட்டும் ரெண்டு விரல் தள்ளித்தான் வைக்க முடிந்தது. அந்த ரெண்டு விரல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாப்பிட உட்கார்ந்தால், கொதிக்கிற வடிகஞ்சியைத் தன் கையில் ஊற்றிக்கொள்ளும் செல்லம்மாள்தான் கண்ணில் வந்தார்.

வேலை முடிந்து அவரை உள்ளே அழைத்துவந்த அன்று, யாரும் பேச வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் கதவோரம் நின்றேன். மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை நேராக அடுப்புக்குப் போய்க் குமிழைத் தொட்டது. அங்கிருந்து உப்பு. அங்கிருந்து கரண்டி. பிறகு சிங்க். கை காற்றில் ஒரு கணம் நின்றது. குழாயைத் தேடிப் பிடித்து, திறந்து, மூடினார். "இது ரெண்டு விரல் தள்ளியிருக்கு" என்றார். "ஆமாம்மா, பைப்பு..." என்றேன். "பரவால்ல, பழகிக்கிடுதேன்." அந்த வார்த்தையைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி, பிரிட்ஜ் பக்கமாக முகத்தைத் திருப்பினார். அங்கே அவர் கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி நின்றிருந்தார். செல்லம்மாள் சொன்னார்: "அடுப்பு இருந்த எடத்துல இருக்கு, உப்பு இருந்த எடத்துல இருக்கு, எங்க வீட்டுக்காரரு மட்டும் மூச்சுக்கூட விடாம எங்கன ஒளிஞ்சு நிக்காரு?"

இத்தனை கலக்கத்தோடும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று நான் நீட்டுகிற விசிட்டிங் கார்டில், என் பெயருக்குக் கீழே, 'நிம்மதியான இல்லத்துக்கு அணுகவும்' என்று அச்சாகியிருக்கிறது.